இரண்டாவது அங்கி

அறத்தைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் பெரிய வினாக்களையே எடுத்துக்கொள்கிறோம். போர் நீதியானதாக இருக்க முடியுமா, ஓர் உயிரைப் பறிக்க அரசுக்கு உரிமை உண்டா என்பன போன்றவை அவை. அவற்றை ஆராய்வது நன்றே. ஆயினும் அத்தகைய முடிவுகளை எடுக்கும் நிலையில் நம்முள் எத்தனை பேர் இருக்கிறோம்? நம் மனச்சான்று நாள்தோறும் பயிற்சி பெறும் களம் வேறு. அது கடைத்தெரு. ஒரு பொருளைக் கையில் எடுத்து, விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்து, 'இது நமக்குத் தகுமா?' என்று தயங்கி நிற்கும் சில நொடிகளில் நம் வாழ்வின் அறம் பெருமளவு வெளிப்பட்டுவிடுகிறது. ஆகவே விலை உயர்ந்த கம்பளிச் சட்டை ஒன்றை வாங்கலாமா, கூடாதா என்னும் சிறு வினாவை இம்முறை எடுத்துக்கொள்வோம்.

வெயிலுக்குப் பெயர்பெற்ற தென்தமிழகத்தில் கம்பளிக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். கம்பம் பள்ளத்தாக்கை அறிந்தவர் கேட்கமாட்டார். நியூட்ரினோ ஆய்வகத் திட்டத்திற்கு 2015-இல் நடுவண் அரசு ஒப்புதல் அளித்தபோது செய்தித்தாள்களில் அடிபட்ட பொட்டிப்புரத்தை வாசகர் நினைவில் வைத்திருக்கக்கூடும். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ள ஊர் அது. போடி, தேவாரம், கோம்பை, கம்பம் என நீளும் இப்பகுதியிலிருந்து பொழுது புலருமுன் ஜீப் ஏறி, மலைக்கு அப்பால் இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குச் சென்று, மாலையில் திரும்புவோர் மிகப் பலர். போடிமெட்டுக்குச் செல்லும் சாலையில் கொண்டை ஊசி வளைவுகள் 17. ஆயிரம் மீட்டர் உயரம் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ 6 பாகை குறையும் என்பது புவியியல் கணக்கு. மார்கழி விடியலில், ஜீப்பின் திறந்த பக்கத்தில் அமர்ந்து அந்த உயரத்தை ஏறுகிறவருக்கு அந்தக் கணக்கை எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இவ்வாறு பொட்டிப்புரத்திலிருந்து மலை ஏறும் ஒரு கணக்கரை எண்ணிக்கொள்வோம். ஏலத்தோட்டம் ஒன்றில் ஆள்கணக்கும் கூலிக்கணக்கும் எழுதுபவர், ஐம்பதைக் கடந்தவர், குளிர் பட்டால் நெஞ்சு இறுகும். மூணாற்றுக் கடையொன்றில் தூய கம்பளியால் பின்னிய சட்டையைப் பார்க்கிறார். விலை 6,000 ரூபாய். அருகிலேயே 500 ரூபாய்க்கு வேறொன்று தொங்குகிறது. அவரிடம் பணம் இருக்கிறது. ஆனால் அவருடன் ஜீப்பில் வரும் பெண்கள் சேலைக்கு மேல் கணவரின் பழைய முழுக்கைச் சட்டையை மாட்டி, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வருகிறவர்கள். அவர்கள் நடுவே 6,000 ரூபாயை உடுத்திக்கொண்டு அமர்வதா? கணக்கரின் கை விலைச்சீட்டிலேயே நின்றுவிடுகிறது.

மலிவு வேறு, எளிமை வேறு

அவருடைய தயக்கம் பொருளற்றது அன்று. 2024-25 நிதியாண்டில் ஊரக வேலை உறுதித் திட்டத்தின்கீழ்த் தமிழகத்திற்கு அறிவிக்கப்பட்ட நாட்கூலி 319 ரூபாய். அக்கணக்கில் பார்த்தால் அந்தச் சட்டை ஓர் ஏழையின் ஏறத்தாழ 19 நாள் உழைப்பு. ஒருவர் தோளில் கிடக்கும் துணி மற்றொருவரின் 19 நாள் என்று எண்ணும்போது மனம் கூசத்தான் செய்யும். கூசாத மனத்தைக் குறித்தே நாம் அஞ்சவேண்டும்.

எனினும் கூச்சம் ஒரு தொடக்கமே, அதுவே முடிவாகிவிடாது. விலை குறைந்ததை வாங்கினால் அறம் நிறைவேறிவிட்டது என்று கொள்ளலாமா? பனிக்காலத்தில் நடைபாதைகளில் மலிவாக விற்கும் ஸ்வெட்டர்களில் பெரும்பாலானவை அக்ரிலிக் இழையால் ஆனவை. அவ்விழையின் மூலம் பெட்ரோலியம். கம்பளியோ, சுருள் சுருளான தன் இழைகளுக்கிடையே காற்றைச் சிறைப்பிடித்து உடற்சூட்டைக் காக்கிறது. தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சிய பின்னும் உடுத்தியவரை எளிதில் நடுங்கவிடுவதில்லை. மலைமேடுகளின் பனிமூட்டத்தில் இந்த வேறுபாடு சிறிதன்று. அந்தக் காலத்து ஆட்டுக்காரரின் தோளில் கிடந்த கருங்கம்பளியை எண்ணிப் பாருங்கள். மழைக்கு அதுவே கொங்காணி, இரவுக்கு அதுவே போர்வை, உட்கார்ந்தால் அதுவே விரிப்பு. அவரிடம் அது ஒன்றுதான் இருந்தது. அந்த ஒன்று நல்லதாக இருந்தது. அதை ஆடம்பரம் என்று எவரும் சொன்னதில்லை.

மலிவு என்பது பல வேளைகளில் வேறொருவர் கட்டிய விலை. 2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் மடிந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் மேலைநாட்டுக் கடைகளுக்கு மலிவான ஆடைகளைத் தைத்துக்கொண்டிருந்தவர்கள். குறைந்த விலைக்கு வாங்கியவர் கையில் குருதி படவில்லை. ஆயினும் அவ்விலையில் குருதி கலந்திருந்தது. வாங்குதல் பொருளாதாரச் செயல் மட்டுமன்று, அறச்செயலும் ஆகும் என்று திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2009-இல் தம் சுற்றுமடலில் கற்பித்ததன் பொருள் இதுவே.

ஆடையைக் குறைப்பதில் காந்தியடிகளை விஞ்சியவர் இலர். 1921 செப்டம்பர் 22 அன்று, நமக்கு அணித்தேயுள்ள மதுரையில்தான் அவர் அரையாடையை மேற்கொண்டார். ஆனால் அவரே, ஆலைத்துணியைவிட விலை கூடுதலான கதரை வாங்குமாறு மக்களை வேண்டினார். நெய்தவரின் அடுப்பு எரியவேண்டும் என்பது அவர் கணக்கு. 1931-இல் வட்டமேசை மாநாட்டிற்கு இலண்டன் சென்றபோது அரையாடையை அவர் விடவில்லை. அந்நாட்டுக் குளிருக்குச் சால்வையைப் போர்த்திக்கொள்ளவும் தயங்கவில்லை. எளிமை என்பது மலிவானதைத் தேடுவது அன்று, தேவையற்றதை விடுவது. தேவையானதை உரிய விலை கொடுத்துப் பெறுவதும் எளிமையின் ஒரு கூறே.

புனித தாமஸ் அக்வினாஸ் ஆடையைக் குறித்துத் தனியே ஆராய்ந்தார். புற ஆடையில் மிகை குற்றமாவதுபோலக் குறையும் குற்றமாகலாம் என்பது அவர் முடிபு. வீண்பெருமைக்காகவும் உடற்சுகத்திற்காகவும் உடையைப் பற்றிய அளவு மீறிய கவலைக்காகவும் மிகுதியாக உடுத்துவோர் உண்டு. கந்தலை உடுத்தி அக்கந்தலாலேயே புகழ் தேடுவோரும் உண்டு. ஆகவே கணக்கர் 500 ரூபாய்ச் சட்டையை எடுத்துக்கொண்டு 'நான் எளியவன்' என்று தமக்குள் மகிழ்ந்தால், 6,000 ரூபாயில் அடங்கியதைவிடப் பெரிய செருக்கு அதில் ஒளிந்திருக்கக்கூடும்.

மிச்சமான பணம் எங்கே?

'அப்படியானால் வாங்கிவிடலாம்' என்று விரைந்து முடித்துவிட முடியுமா? முடியாது. ஜீப்பில் அருகே அமர்ந்திருப்பவர் இன்னும் நடுங்கிக்கொண்டிருக்கிறார்.

இரண்டு அங்கிகளை உடையவர் இல்லாதவரோடு பகிரவேண்டும் என்று திருமுழுக்கு யோவான் பணித்தார். நம் பெட்டியில் உடுத்தாமல் கிடக்கும் மேலாடை ஆடையற்றவருக்கு உரியது என்று நான்காம் நூற்றாண்டில் புனித பசிலியார் செசரியா மக்களுக்கு எடுத்துரைத்தார். இவ்விருவரும் பேசுவது எதைக் குறித்து என்று கூர்ந்து நோக்குங்கள். உடுத்தியிருக்கும் அங்கியைக் குறித்தன்று. இரண்டாவது அங்கியைக் குறித்து. தோளில் கிடப்பதைக் குறித்தன்று. பெட்டியில் கிடப்பதைக் குறித்து. விலை எவ்வளவு என்று அவர்கள் கேட்கவில்லை. எத்தனை என்றும், எங்கே கிடக்கிறது என்றும் கேட்டார்கள்.

இங்கே நாம் பெரும்பாலும் கவனிக்காமல் விடும் ஓர் உண்மை உண்டு. கணக்கர் அந்தச் சட்டையை வாங்காமல் திரும்பினார் என்றே கொள்வோம். அந்த 6,000 ரூபாய் எங்கே போயிற்று? வங்கியிலோ, சீட்டிலோ, மறுமாதம் ஒரு கைப்பேசியிலோ போய்ச் சேர்ந்தது. ஜீப்பில் வரும் பெண்களுள் ஒருவருக்காவது அதனால் குளிர் குறைந்ததா? இல்லை. வாங்காமை ஒரு தருமம் அன்று. அது ஒரு வாய்ப்பு மட்டுமே. நாம் ஒரு செலவைத் தவிர்த்துவிட்டு, தவிர்த்த மனநிறைவையே தானம் செய்த மனநிறைவாக எடுத்துக்கொள்கிறோம். ஏழைக்கு நாம் பட்ட கடன் கடைவாயிலில் தீர்ந்துவிடுவதில்லை. வாங்கியவர் மீதும் அது இருக்கிறது. வாங்காதவர் மீதும் அதே அளவு இருக்கிறது.

பேகனும் மார்ட்டினும்

போர்வையைக் கொடுத்த இருவரை இங்கே எண்ணிப்பார்ப்பது தகும். ஒருவன் நம்மவன். நம் பள்ளத்தாக்கிற்கு வடக்கே நிற்கும் பழனி மலைத்தொடரை ஆண்ட வையாவிக் கோப்பெரும் பேகன், தோகை விரித்த மயில் குளிரால் நடுங்குவதாக எண்ணித் தன் போர்வையை அதற்கு ஈந்தான். அதே மலைத்தொடரில், கொடைக்கானலை அடுத்த மன்னவனூரில், 1965 முதல் நடுவண் அரசின் ஆராய்ச்சி நிலையம் கம்பளிக்காகச் செம்மறியாடுகளை வளர்த்துவருவது ஒரு நயமான பொருத்தம். மற்றவர் தூர்ஸ் நகரப் புனித மார்ட்டின். போர்வீரராக இருந்தபோது ஆமியேன் நகரவாயிலில், கடும்பனியில், ஆடையற்ற இரவலனைக் கண்டு தம் மேலங்கியை வாளால் இரண்டாக வெட்டிப் பாதியை அளித்தார்.

பேகன் முழுவதையும் கொடுத்தான். மார்ட்டின் பாதியைக் கொடுத்தார். மேலோட்டமாகப் பார்த்தால் பேகனே பெரியவன். அவன் கொடையின் தூய்மையை நாம் ஐயுறவேண்டியதில்லை. ஆயினும் புறநானூற்றுப் புலவர்கள் அவனைப் புகழ்ந்ததோடு நின்றுவிடவில்லை. அவன் மனைவி கண்ணகி அவனைப் பிரிந்து கண்ணீரில் வாடியபோது கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் ஆகியோர் அவள்பொருட்டு அவனிடம் இரந்து பாடினர். மயிலின் நடுக்கத்தைக் கண்ட கண் மனையாளின் துயரைக் காணவில்லை. நம் அறச்செயல்கள் பலவும் இப்படித்தான். எங்கோ தொலைவில் உள்ளவருக்குக் காணிக்கை அனுப்பிவிட்டு, ஒரே ஜீப்பில் முழங்கால் இடிக்க அமர்ந்திருப்பவரை நாம் பார்ப்பதில்லை.

மார்ட்டின் தம்மையும் குளிருக்குப் பலியிடவில்லை. பாதி அங்கி அவர் தோளிலேயே இருந்தது. ஆனால் அது பாதி அங்கியாக இருந்தது. கிழிந்த ஓரத்தைத் தொடும்போதெல்லாம் மற்றப் பாதி எங்கே என்ற நினைவு வந்திருக்கும். நாம் தேடும் விடை இங்கேதான் உள்ளது. கதகதப்பு பாவமன்று. கதகதப்பில் ஓர் ஆபத்து உண்டு: அது மறக்கச் செய்கிறது. குளிர், அதில் ஒன்றாக நடுங்குவோரை ஒருவரையொருவர் அறியச் செய்கிறது. நல்ல கம்பளியை உடுத்தியவர் அந்த அறிவை இழக்கிறார். அவருக்கு மலைக்காற்று இனிதாகிவிடுகிறது. எனவே உடல் மறந்ததை உள்ளம் நினைவில் வைத்திருக்கவேண்டும்.

கணக்கருக்கு நாம் சொல்வது இதுதான். நெஞ்சு தாங்காத குளிருக்கு அச்சட்டை தேவை என்றால் வாங்குக. ஒன்றே வாங்குக, அது நைந்துபோகும்வரை உடுத்துக. வீடு திரும்பியதும் பெட்டியைத் திறந்து பார்க்க. அங்கே கிடக்கும் இரண்டாவது அங்கி யாருடையது என்பது கேட்காமலே விளங்கும். ஆனால் இதனோடு முடியவில்லை. 1951-இல் இயற்றப்பட்ட தோட்டத் தொழிலாளர் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, மழைக்கும் குளிருக்கும் காப்பாகத் தொழிலாளர்களுக்குக் குடையும் கம்பளியும் மழைக்கோட்டும் தோட்ட உரிமையாளர் வழங்கவேண்டும் என மாநில அரசுகள் விதி வகுக்கலாம் என்றது. அச்சட்டத்தை 2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய தொழிலாளர் தொகுப்பு தன்னுள் அடக்கிக்கொண்டது. சட்டங்கள் மாறும். தோட்டத்தில் உழைப்பவரின் குளிர் இரக்கத்தின் பாற்பட்டது மட்டுமன்று, நீதியின் பாற்பட்டது என்னும் கருத்து மாறாது. இந்தப் பெண்களின் பெயர்களை நாள்தோறும் ஏட்டில் எழுதுகிறவர் நம் கணக்கர். உரிமையாளர் முன் நின்று, 'ஐயா, இவர்களுக்கும் கம்பளி வேண்டும்' என்று சொல்லக்கூடிய இடத்தில் இருப்பவரும் அவரே. அச்சொல்லுக்கு 6,000 ரூபாயைவிட அதிக விலை கொடுக்க நேரலாம். வேலையேகூட ஆட்டம் காணலாம்.

அதனால்தான் வாங்கலாமா, கூடாதா என்ற வினாவோடு நின்றுவிட நாம் விரும்புகிறோம். அது எளிய வினா. பணப்பையைத் திறப்பதோடோ மூடுவதோடோ முடிந்துவிடும். கடினமான வினா அதன்பின் வருகிறது: குளிர் விட்டுப்போன பிறகு நாம் யாருக்காகப் பேசப்போகிறோம்? அதற்கு நேர்மையாக விடை சொல்லக்கூடியவர் அந்தச் சட்டையை மனக்கூச்சமின்றி உடுத்திக்கொள்ளலாம். சொல்ல இயலாதவரை 500 ரூபாய்ச் சட்டையும் காப்பாற்றாது.