கீரைத்தண்ணி

வறுமை கற்றுக்கொடுத்த சாப்பாட்டைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாமா? நம் கூட்டங்களில் இந்தக் கேள்வி அடிக்கடி எழுகிறது. எலும்பும் கீரையும் எங்கள் பண்பாடு என்று ஒருவர் பேசினால், "அது பண்பாடு இல்ல தோழர், பட்டினி" என்று இன்னொருவர் எழுந்துவிடுகிறார். இரண்டு பேர் சொல்வதிலும் பொய் இல்லை. சிக்கலே அதுதான்.

அமெரிக்கத் தென் மாநிலங்களில் காலர்ட் என்றொரு கீரை உண்டு. முட்டைக்கோஸ் இனம். இலை தடிப்பு, லேசில் வேகாது. அடிமைகளாயிருந்த கறுப்பின மக்கள் உப்புப் போட்ட பன்றிக்கறியையும் ஆண்டை வீடு ஒதுக்கிய எலும்பையும் சேர்த்து அதை மணிக்கணக்கில் வேகவைத்தார்கள். சத்து தண்ணியில் இறங்கும். அந்தச் சாறுக்கு பாட்லிக்கர் என்று பெயர். அதில் சோள ரொட்டியைத் தோய்த்துத் தின்பதா, உதிர்த்துப் போட்டுத் தின்பதா என்று 1931-இல் லூசியானா ஆளுநர் ஹூயி லாங்குக்கும் அட்லாண்டா பத்திரிகையாசிரியர் ஒருவருக்கும் பெரிய விவாதமே நடந்தது. நாடே ரசித்தது. அந்தச் சாறைக் காய்ச்சிய பெண்களின் பேரப்பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அங்கே ஓட்டுப்போட வழியில்லை. 1965 சட்டம் வரை போராட வேண்டியிருந்தது. ருசி மேலே ஏறிவிட்டது. சமைத்தவர்கள் கீழேயே நிறுத்தப்பட்டார்கள்.

நம் பக்கம் என்ன கதை? சிறுபாணாற்றுப்படையில் பசித்த பாணர் வீட்டுப் பெண் குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி, உப்பில்லாமல் வேகவைக்கிறாள். பழிப்பவர்கள் பார்த்துவிடுவார்கள் என்று வெட்கப்பட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு சுற்றத்தோடு தின்கிறாள். வகுப்பில் இதை 'வறுமைச் சித்திரம்' என்று நடத்தி முடித்துவிடுகிறார்கள். வெட்கப்பட வேண்டியது கதவுக்கு உள்ளே இருந்தவளா, வெளியே இருந்தவர்களா என்று யாரும் கேட்பதில்லை.

மாடம்பாக்கம் பக்கத்துச் சேரியில் எங்க ஆயா களையெடுக்கப் போகும். களையோடு வரும் பண்ணை, குமிட்டி, தொய்யக்கீரை எல்லாம் மடியில் கட்டிவரும். ராத்திரி தணலில் மாட்டெலும்புச் சட்டியை மூடி வைத்துவிட்டுப் படுக்கும். விடிஞ்சா ஊன் எல்லாம் சாறில் இறங்கியிருக்கும். அதில் கலவைக்கீரையைப் போட்டுக் கடையும். "தண்ணியக் கொட்டுனா கீரையையே கொட்டுன மாதிரிடி" என்று சொல்லும். கீரையின் சத்து தண்ணியில் கரையும், கொழுப்போடு சேர்ந்தால் உடம்பில் நன்றாக ஒட்டும் என்று இன்றைக்கு டாக்டர் சொல்வதை ஆயா சட்டியிலேயே சொல்லிவிட்டது. ஆனால் மடியில் கட்டிய கீரையை வரப்பில் வைத்தே ஆண்டை உதறச் சொன்னதும் உண்டு.

1927-இல் மகாதில் அம்பேத்கர் செத்த மாட்டுக்கறியையும் அடுத்தவர் வீசும் மிச்சத்தையும் விட்டுவிடச் சொன்னார். ருசியைத் துறக்கச் சொன்னதாக நான் அதை வாசிப்பதில்லை. கையேந்தும் உறவைத் துறக்கச் சொன்னார். ஆகவே பிரித்துப் பார்ப்போம். சமைக்கும் அறிவு நம்முடையது, அதற்கு வெட்கம் வேண்டாம். எலும்பு மட்டுமே பங்கு என்ற ஏற்பாடு அவர்களுடையது, அதற்குப் பெருமை வேண்டாம். இரண்டையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டுவதால்தான் கூட்டத்தில் சண்டை வருகிறது.

1971 முதல் அமெரிக்கக் கடைகளில் க்ராக்பாட் என்ற மின்சட்டி விற்கிறது. காலையில் கீரையும் எலும்பும் போட்டால் எட்டு மணி நேரத்தில் தானே வெந்துவிடும். தாம்பரம் சானடோரியம் ஏற்றுமதி வளாகத்தில் வேலைபார்க்கும் நம் பெண்களுக்கும் ஒரு ஷிப்ட் எட்டு மணி நேரம்தான். மின்சட்டி நேரத்தை மிச்சப்படுத்தட்டும், நல்லதுதான். ஆனால் கீரை முளைக்கும் மண்ணை அது தராது. களையெடுத்த வயல்களெல்லாம் பிளாட்டாகிவிட்டன.

1891-இல் செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் நம் மக்கள் நிலைமை பற்றி எழுதியதைத் தொடர்ந்து, 1892 அரசாணைப்படி வந்ததுதான் பஞ்சமி நிலம். காரணை நிலத்துக்காகப் போராடி ஜான் தாமஸும் ஏழுமலையும் 1994-இல் செங்கல்பட்டில் போலீஸ் குண்டுக்குப் பலியானார்கள். சங்கப் பாட்டில் அந்தக் குடும்பத்தின் பசி தீர்வது நல்லியக்கோடன் என்ற வள்ளலின் கொடையால். நமக்குக் கொடை வேண்டாம். கொடுத்ததாகக் காகிதத்தில் இருக்கும் நிலம் வேண்டும். அதில் நாமே விதைத்த கீரையில், எலும்போ நல்ல கறியோ நாமே தேர்ந்து போட்டு, கதவைத் திறந்துவைத்துச் சாப்பிடுவோம்.