வானிலிருந்து விழும் வினா

1995 டிசம்பர் 14. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ‘மவுண்டன் டியூ’ குளிர்பானத்திற்கான தொலைக்காட்சி விளம்பரம் படமாக்கப்பட்டது. பலகைமேல் நின்று வானில் சறுக்கும் விளையாட்டில் அவ்வாண்டு தங்கம் வென்றிருந்த அமெரிக்க வீரர் ராப் ஹாரிஸ், அதற்காக விமானத்திலிருந்து குதித்தார். பாராசூட்டின் வடங்கள் சிக்கிக்கொண்டன; அவர் உயிரிழந்தார். பின்னர், குடும்பத்தாரின் இசைவுடன் அவ்விளம்பரம் ஒளிபரப்பாயிற்று.

மத்தேயு நற்செய்தியின் நான்காம் அதிகாரத்தில், அலகை இயேசுவைக் கோவிலின் உச்சியில் நிறுத்திக் கீழே குதிக்கத் தூண்டுகிறது. அவர் மறுத்தார். அச்சத்தினால் அன்று, பின்னாளில் சிலுவையை ஏற்றவர் அவரே அன்றோ! உயிரைக் கொடுப்பது வேறு. உயிரைக் காட்சிப்பொருள் ஆக்குவது வேறு.

ஆயினும் அவ்வீரரைப் பழிப்பது நீதியன்று. அவர் தம் கலையில் தேர்ந்தவர். தீயணைப்போரும் கடலில் வலைவீசுவோரும் நாள்தோறும் உயிரைப் பணயம் வைக்கின்றனர், அவர்களைப் போற்றுகிறோம். இடரை ஏற்பது தன்னிலே பாவமன்று. அவ்விடருக்கு ஈடான நன்மை உண்டா என்பதே அறநெறி கேட்கும் வினா. பிறர் உயிரைக் காக்கும் பணிக்கும், ஒருவர் பசியாற்றும் உழைப்புக்கும் விடை உண்டு. ஒரு புட்டிப் பானத்திற்கு என்ன விடை?

இவ்வினா நம்மையும் நோக்கியதே. எளிய காட்சியில் நம் கண் நிலைப்பதில்லை என்பதை விளம்பரம் செய்வோர் நன்கறிவர். அதனாலேயே வானேறுகின்றனர். கோவிலின் அடியில் கூட்டம் நின்றதாக மத்தேயு எழுதவில்லை. இன்றோ அக்கூட்டம் நம் இல்லத்தின் நடுவறையில் அமர்ந்திருக்கிறது. ‘குதி’ என்று நாம் வாய்திறந்து சொல்வதில்லை. வியந்து பார்க்கிறோம், அவ்வளவே. அந்தப் பார்வைக்கும் ஒருநாள் நாம் கணக்குக் கொடுக்க வேண்டாமா?