புதைத்தவர் யார்?

தாலந்து உவமையைக் கேட்கும்போதெல்லாம் புதைத்த ஊழியனையே குறை கூறுகிறோம். பிறர் தாலந்தை நாம் புதைப்பதில்லையா?

அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில், கார்ல் ஹேடன் உயர்நிலைப்பள்ளியில் பயின்றவர் ஆஸ்கர் வாஸ்குவெஸ். மெக்சிகோவில் பிறந்தவர்; குடியேற்ற ஆவணம் இல்லாதவர். இராணுவத்தில் சேர அதனால் இயலாதென அறிந்த பின்னரே பள்ளியின் ரோபோ குழுவை நாடினார். வேறு கதவு இல்லாமல் நுழைந்த இடத்தில் ஆர்வம் பற்றிக்கொண்டது.

2004இல் அவரும், அவரைப் போன்றே ஆவணமற்ற மூன்று தோழரும் பிளாஸ்டிக் குழாய்களால் நீர்மூழ்கி ரோபோ ஒன்றைச் செய்தனர். சாண்டா பார்பரா போட்டியின்போது கருவிப் பெட்டிக்குள் நீர் கசிய, பெண்கள் பயன்படுத்தும் உறிஞ்சு பஞ்சை உள்ளே வைத்துச் சமாளித்தனர். (கடையில் அதைக் கேட்டு வாங்க எவ்வளவு கூச்சமோ!) புகழ்பெற்ற எம்.ஐ.டி. இரண்டாமிடம், இவர்கள் முதலிடம்.

2009இல் இயந்திரப் பொறியியல் பட்டமும் பெற்றார். சட்டப்படி வேலை செய்யத்தான் வழியில்லை. வழியற்ற பிள்ளைகளுக்கு ஆசை காட்டுவது கொடுமை என்பாருண்டு. நான் அதை ஏற்கவில்லை. ஆசிரியர்கள் விளக்கேற்றினர்; அதை மரக்காலால் மூடியது சமூகம்.

தாமாகவே மெக்சிகோ திரும்பி, முறைப்படி விண்ணப்பித்து, 2010இல் அனுமதி பெற்றார் ஆஸ்கர். மறு ஆண்டு அவர் சேர்ந்தது அமெரிக்க இராணுவத்தில்.