மீண்டு வரும் நிஃமத்தும் மீண்டு வராத நிஃமத்தும்



முதலில் எனக்கும் பிறகு உங்களுக்கும் தக்வாவைக் கொண்டு வஸிய்யத் செய்து இந்த உரையைத் தொடங்குகிறேன்.

அல்லாஹ் நமக்குத் தந்திருக்கும் நிஃமத்துகளை எண்ணி முடிக்க யாராலும் முடியாது. அந்த நிஃமத்துகள் எல்லாம் ஒரே தன்மை கொண்டவை அல்ல. சில, எடுத்தால் மீண்டும் வரும். சில, எடுத்தால் எடுத்ததுதான். இந்த வேறுபாட்டை அறியாமல் செலவு செய்கிறவன் நல்ல எண்ணத்தோடு செலவு செய்தாலும் வீண்விரயத்தில் போய் விழுவான்.

ஓர் ஆட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பாலை இன்று கறந்தால் நாளை மீண்டும் சுரக்கும். அதன் கறி ஒரு முறைதான். பால் மீண்டும் சுரக்கும் என்பதற்காகக் குட்டிக்கு ஒரு சொட்டும் விடாமல் கறந்தால் என்ன ஆகும்? குட்டி சாகும், பிறகு பாலும் நிற்கும். ஆகவே, மீண்டு வரும் பொருளுக்கும் ஓர் அளவு உண்டு. அந்த அளவைத் தாண்டினால் அதுவும் மீண்டு வராத பொருளாகிவிடும்.

வெயில், காற்று, மழை, மரம், கடலில் உள்ள மீன், இவை பாலைப் போன்றவை. ஆரல்வாய்மொழிக் கணவாயில் வீசும் காற்று முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. இன்று சுழற்றியதால் நாளைய காற்று குறைந்துவிடாது. நிலக்கரி, பெட்ரோல், எரிவாயு ஆகியவை கறியைப் போன்றவை. நெய்வேலியில் வெட்டி எடுக்கும் பழுப்பு நிலக்கரி, கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் மண்ணுக்குள் புதைந்த மரம் செடிகளிலிருந்து உண்டானது. ஒரு வண்டி எரித்தால் ஒரு வண்டி குறைந்தது. அடுத்த மழைக்கு அது முளைக்காது.

சகோதரர்களே! தண்ணீர் இதில் எந்த வகை?

மழைதானே, மீண்டும் வரும் என்று சட்டென்று சொல்லிவிடுவோம். திருக்குர்ஆனின் 23வது அத்தியாயம் 18வது வசனத்தைச் சிந்தித்துப் பாருங்கள். வானிலிருந்து நீரை ஓர் அளவின்படி இறக்கியதாகவும், அதைப் பூமியில் தங்க வைத்ததாகவும், அதைப் போக்கிவிடவும் தனக்கு ஆற்றல் உண்டு என்றும் அல்லாஹ் கூறுகிறான். அளவு, தங்குதல், போய்விடுதல் என மூன்று செய்திகள் ஒரே வசனத்தில் இருக்கின்றன. 67வது அத்தியாயத்தின் கடைசி வசனத்தில், உங்கள் தண்ணீர் பூமிக்குள் வற்றிப் போய்விட்டால் ஓடும் நீரை உங்களுக்குக் கொண்டுவருபவர் யார் என்ற கருத்தில் ஒரு கேள்வியையும் கேட்கிறான். அந்த அத்தியாயத்தை இரவில் ஓதும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அந்தக் கேள்வியோடுதான் அது முடிகிறது.

இதற்கு நம் காலத்தில் கண்ட உதாரணம் சவூதி அரேபியாதான். அந்தப் பாலைவனத்தின் அடியில், பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கே நல்ல மழை பெய்த காலத்தில் இறங்கிய நீர் பாறைகளுக்குள் தங்கியிருந்தது. இன்று அங்கே பெய்யும் சொற்ப மழை அதை ஈடு செய்யாது. 1980களில் அந்த நீரை ஆழ்துளைக் கிணறுகளால் இறைத்துப் பெரிய வட்ட வட்ட வயல்களில் கோதுமை பயிரிட்டார்கள். 1990களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 40 லட்சம் டன் விளைந்தது. பாலைவன நாடு வெளிநாடுகளுக்குக் கோதுமை அனுப்பியது. உலகமே வியந்தது. பிறகு நீர்மட்டம் இறங்கிக்கொண்டே போனது. 2008இல் அந்த அரசே, உள்நாட்டுக் கோதுமைக் கொள்முதலைப் படிப்படியாகக் குறைத்து 2016க்குள் நிறுத்துவது என்று முடிவு செய்தது. பால் என்று நினைத்துக் கறந்தது உண்மையில் கறி. கோதுமையை இறக்குமதி செய்யலாம், அந்தத் தண்ணீரை எங்கிருந்து இறக்குமதி செய்வது?

நம் ஊர் நிலைமை அவ்வளவு மோசமில்லை, நமக்கு மழை உண்டு. ஆனால் தமிழ்நாட்டின் பெரும்பகுதி கெட்டிப் பாறை பூமி. மேல்மண்ணில் உள்ள நீர் ஒரு நல்ல மழைக்கு ஏறிவிடும். பல நூறு அடிக்குக் கீழே பாறை வெடிப்புகளில் உள்ள நீர் அப்படி ஏறாது, மிக மெதுவாகத்தான் சேரும். 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டபோது, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுபோனதை நாம் பார்த்தோம்.

இனி நம் பள்ளிவாசல் விஷயத்துக்கு வருகிறேன். நம் போர் இந்தக் கோடையில் காற்றிழுத்ததும், இதைவிட இருமடங்கு ஆழத்தில் புதிய போர் போட வேண்டும் என்று ஜமாஅத்தில் பேச்சு நடப்பதும் உங்களுக்குத் தெரியும். பணம் தர நல்ல உள்ளங்களும் முன்வந்திருக்கின்றன. அல்லாஹ் அவர்களுடைய பொருளில் பரக்கத் செய்வானாக! ஆனால் முடிவு எடுப்பதற்கு முன் மூன்று விஷயங்களை உங்கள் முன் வைப்பது இமாம் என்ற முறையில் என் பொறுப்பு.

முதலாவது, அண்டை வீட்டார். பள்ளிக்குப் பின்தெருவில் இன்னும் கிணற்றில் வாளி போட்டு இறைக்கும் வீடுகள் இருக்கின்றன. அவர்களில் முஸ்லிம்களும் உண்டு, மற்ற சமுதாய மக்களும் உண்டு. பொது நிலத்தில் ஒருவர் கிணறு தோண்டினால், அதன் நீரைக் குறைக்கும்படி அருகில் வேறொருவர் தோண்டக் கூடாது என்று ஃபிக்ஹு நூல்கள் ஒரு சுற்றெல்லையை வகுத்து, அதற்கு ஹரீம் என்று பெயரிட்டன. “நாம் தோண்டுவது பள்ளியின் சொந்த இடத்தில்தானே?” என்று கேட்கலாம். சட்டத்தில் இடம் தேடிவிடலாம். ஆனால் அண்டை வீட்டாரையும் வாரிசாக்கிவிடுவாரோ என்று நபி (ஸல்) அவர்கள் எண்ணும் அளவுக்கு ஜிப்ரீல் (அலை) அவர்கள் வலியுறுத்திக்கொண்டே இருந்ததாக புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறதே! தொழுகைக்காக நாம் இறைக்கும் நீர் ஒரு விதவைத் தாயின் கிணற்றை வற்ற வைத்தால், அந்த ஒளுவை வைத்துக்கொண்டு ரப்பின் முன் எப்படி நிற்பது?

இரண்டாவது, பின்னால் வருகிறவர்கள். உமர் (ரலி) அவர்கள் காலத்தில் இராக்கின் செழிப்பான நிலங்கள் கைக்கு வந்தன. போரிட்டவர்களுக்குப் பங்கிட்டுத் தாருங்கள் என்று பலர் கேட்டார்கள். பிலால் (ரலி) போன்ற பெரியவர்களும் அதில் உறுதியாக இருந்தார்கள். உமர் (ரலி) அவர்கள் சம்மதிக்கவில்லை. இன்று பங்கிட்டுவிட்டால் நாளை வருகிறவர்களுக்கு என்ன மிஞ்சும் என்று யோசித்தார்கள். பின்னர் வருபவர்களைப் பற்றிப் பேசும் ஸூரத்துல் ஹஷ்ரின் வசனத்தை ஆதாரமாகக் காட்டினார்கள். நிலம் பங்கிடப்படாமல், அதன் வருமானம் எல்லாத் தலைமுறைக்கும் என்று முடிவானது. இன்னும் பிறக்காத குழந்தைக்கும் பொதுச்சொத்தில் ஹக்கு உண்டு என்பதை அந்த முடிவு நமக்குக் கற்றுத் தருகிறது. ஆழத்தில் உள்ள நீர் அந்தக் குழந்தைகளின் அமானத்.

மூன்றாவது, நம் செலவு. நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு நீரில் ஒளு செய்ததாக அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். ஒரு முத்து எவ்வளவு என்பதில் மத்ஹபுகளிடையே சிறு வேறுபாடு உண்டு. எப்படிக் கணக்கிட்டாலும் அது முக்கால் லிட்டர் முதல் ஒரு லிட்டரை ஒட்டியே நிற்கும். இன்று அஸருக்கு ஒளு செய்யும்போது குழாயின் கீழே ஒரு வாளியை வைத்துப் பாருங்கள். ஸுன்னத்துக்கும் நமக்கும் உள்ள தூரத்தை அந்த வாளி காட்டிவிடும். தாடியைத் தடவும்போதும், பக்கத்தில் இருப்பவரிடம் நலம் விசாரிக்கும்போதும் குழாய் ஓடிக்கொண்டே இருக்கிறது. வீண்விரயம் செய்வோரை ஷைத்தானின் சகோதரர்கள் என்று திருக்குர்ஆன் (17:27) கண்டிக்கிறது. அந்தக் கண்டிப்பில் ஹவ்லுக்கரைக்கு மட்டும் விதிவிலக்கு இல்லை.

ஆகவே என் ஆலோசனை இதுதான். போருக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு, பள்ளி மாடியில் விழும் மழைநீர் முழுவதையும் வடிகட்டி, மூடிக்கிடக்கும் நம் பழைய கிணற்றில் இறக்குவோம். மழைநீர் சேகரிப்பு 2003 முதல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம். நம் பள்ளியின் குழாயோ சாக்கடையில் போய் முடிகிறது. ஒளுக் குழாய்களை மெல்லிய ஓட்டம் உள்ளதாக மாற்றுவோம். ஒளு செய்து விழுந்த நீரால் மறுபடி ஒளு செய்ய முடியாதே தவிர, அது தென்னைக்கும் வாழைக்கும் தாராளமாகப் போகலாம். ஒரு மழைக்காலம் இப்படிச் செய்து பார்ப்போம். அதன் பிறகும் போதவில்லை என்றால், பின்தெரு மக்களையும் அழைத்து உட்கார்ந்து பேசி முடிவெடுப்போம். இஷா தொழுகைக்குப் பின் ஜமாஅத் கூடுகிறது. அவசியம் வாருங்கள். என் கருத்துக்கு மாறான கருத்து உள்ளவர்கள் முதலில் வாருங்கள்.

யா அல்லாஹ்! நீ தந்த நிஃமத்துகளின் அளவை அறிந்து செலவு செய்யும் அறிவை எங்களுக்குத் தருவாயாக! எங்கள் கிணறுகளிலும் எங்கள் அண்டை வீட்டாரின் கிணறுகளிலும் பரக்கத் செய்வாயாக! எங்களுக்குப் பின் வரும் பிள்ளைகள் எங்களுக்காக துஆ செய்யும்படி எங்களை வாழ வைப்பாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.