கரண்டைக்கு இறங்கிய கை

போன மாதம் ஆலங்குளம் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் விபத்து ஒத்திகை. எனக்கு, புகையைக் கண்டு உள்ளே ஓடும் ஊர்க்காரன் வேஷம். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை விபத்தில் செத்தவர்களில் பலர் அப்படி உதவ ஓடியவர்கள்தான். அதனால் என்னைக் கயிறு கட்டித் தடுக்க வேண்டும். தடுத்தார்கள். அதை விடுங்கள்.

சரம் பின்னும் அக்கா ஒருவர் மயங்கி விழ வேண்டும். விசில் ஊதியதும் அவர் குனிந்து, சேலையைக் கரண்டைக்கால் வரை இழுத்துவிட்டார். அப்புறம்தான் விழுந்தார். எல்லோரும் சிரித்தோம்.

"மயக்கம் வர்றவங்க சேலையச் சரிபண்ணுவாங்களாம்மா?"

"நெசமா வந்தா அதுக்கு நேரமிருக்காதுல்ல சார்."

மறுபடி விழச் சொன்னார்கள். மறுபடியும் கை கரண்டைக்குப் போனது.

1920களில் வியன்னாவில் நாடகக்குழு நடத்திய மொரீனோ என்ற மருத்துவரைப் பற்றி எப்போதோ படித்தது நினைவுக்கு வந்தது. மேடையில் சாதுப்பெண்ணாகவே வரும் நடிகை ஒருத்தி, வீட்டில் கணவனிடம் எரிந்து விழுவாளாம். அவளுக்கு முரட்டு வேஷங்களாகக் கொடுத்தாராம்; வீட்டில் சண்டை குறைந்ததாம். உளநாடகம் என்ற சிகிச்சை அங்கிருந்து வளர்ந்தது. குலசை தசராவுக்கு வேஷம் கட்டிக் காணிக்கை எடுப்பவர்களிடம் சொன்னால், இதற்கு வியன்னா வரை போக வேண்டுமா என்பார்கள். வேஷம் உள்ளே கிடப்பதை வெளியே கொட்டிவிடும் என்பது மொரீனோவின் கட்சி. அக்காவின் வேஷமோ சேலைக்கரையைத் தாண்டவில்லை. அல்லது, உள்ளே கிடந்ததே அதுதானா?

நானும் ஒருமுறை வேஷம் போட்டிருக்கிறேன். அப்பா இதே ஆலங்குளத்தில் அரசு சிமெண்ட் ஆலையில் இருந்தார். புருவமெல்லாம் தூசியோடு வருவார். தூக்குவாளியைத் திண்ணையில் எறிவார். ஏழெட்டு வயதில் ஒருநாள் அடுப்புச் சாம்பலைப் புருவத்தில் பூசிக்கொண்டு, வாளியை எறிந்து, "சோறு இருக்கா, இல்லையா?" என்று அவரைப்போலவே கத்தினேன். தங்கச்சி விழுந்து விழுந்து சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை. திரும்பினால் வாசலில் அப்பா, அவர் புருவமும் வெள்ளையாக.

அடிக்கவில்லை. மறுநாளிலிருந்து வாளியைச் சத்தமில்லாமல் வைத்தார். மொரீனோவின் கணக்கில் இது வெற்றி. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அதற்குப் பிறகு அவர் வாளியை வைக்கும்போதெல்லாம் கண் ஒருமுறை என் பக்கம் வந்துபோகும். திருந்தினாரா, நான் பார்க்கிறேன் என்று நடித்தாரா? கேட்க அவர் இல்லை.

ஒத்திகை முடிந்ததும் அக்கா எழுந்து, சேலைக்கு மேல் போட்டிருந்த சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டுச் சரம் பின்னப் போய்விட்டார். அந்தக் கை பயந்து இறங்கியதா, பழகி இறங்கியதா என்று இன்னும் பிடிபடவில்லை. அவரிடம் கேட்கலாம்தான். முதலில் சிரித்தது நான் என்பதால் கேட்க வாய் வரவில்லை.