'லீவ்' என்னும் சொல்லும் நீங்குதலின் அறமும்

சொற்கள் பொருளைச் சுட்டும் குறிகள் மட்டுமல்ல. ஒரு சமூகம் வாழ்வைப் பற்றி எண்ணியவற்றின் சேமிப்பிடங்களுமாகும். ஆங்கிலத்தில் 'லீவ்' என வழங்கும் சிறு சொல் இதற்குத் தக்க சான்று. ஓரிடத்தை விட்டு நீங்குதல், ஒருவரைக் கைவிடுதல், ஒரு பொருளை மறந்து வைத்துவிட்டுச் செல்லுதல், மரணசாதனத்தால் பின்னோர்க்குச் சொத்தை வைத்தல், ஒரு காரியத்தைப் பிறர் பொறுப்பில் விடுதல் ஆகிய யாவற்றையும் அவ்வொரு வினை உணர்த்துகின்றது. பெயராக வருங்கால் அது அனுமதியையும், பணியிலிருந்து பெறும் விடுமுறையையும் குறிக்கும்.

ஒலியால் ஒன்றாயினும் வினையும் பெயரும் வேரால் வேறானவை. வினைச்சொல்லின் பழைய ஆங்கில மூலம் 'எஞ்சியிருக்கச் செய்தல்' என்னும் பொருளது. 'தங்கியிருத்தல்' எனப் பொருள்படும் 'பிளைபென்' என்ற ஜேர்மன் சொல் அதன் உறவாகும். போதலைக் குறிக்கும் சொல் இருத்தலினின்றும் பிறந்தமை வியப்புக்குரியது. பெயர்ச்சொல்லோ இசைவு என்ற கருத்தினின்றும் வந்தது. அன்பைக் குறிக்கும் 'லவ்' என்பதும் அதன் சுற்றத்தைச் சேர்ந்ததே. தமிழிலும் 'விடை' என்பது மறுமொழியையும், போவதற்கான இசைவையும் ஒருங்கே குறித்தல் ஒப்புநோக்கத்தக்கது.

ஆகவே, அறவினாக்கள் இரண்டு இச்சொல்லுள்ளேயே அடங்கியுள்ளன. நீங்குதலுக்கும் இசைவுக்கும் உள்ள தொடர்பு யாது? நீங்குவோன் எஞ்சவிட்டுச் செல்வனவற்றுக்கு அவனுடைய பொறுப்பு யாது?

கி.மு. 399 இல் மரணதண்டனை விதிக்கப்பட்ட சோக்கிரதீஸ் தப்பிச் செல்ல மறுத்தமையைப் பிளேட்டோவின் 'கிரிட்டோ' கூறுகின்றது. ஏதென்ஸை விரும்பாதவன் தன் உடைமைகளுடன் வெளியேறலாம். வெளியேறாது தங்கியவன் அதன் சட்டங்களுக்கு இசைந்தவனாவான் என்பது அங்கு எடுத்துரைக்கப்படும் வாதம். 1748 இல் டேவிட் ஹியூம் இவ்வகை வாதத்தை மறுத்தார். பிறநாட்டு மொழியோ வழக்கமோ அறியாது, அன்றன்றைய கூலியால் வாழும் ஏழைக்கு வெளியேறும் தெரிவு உண்டென எங்ஙனம் கூறலாம்? உறங்குகையில் கப்பலில் ஏற்றப்பட்டவன் கடலிற் குதியாதிருத்தல், கப்பல் தலைவனின் ஆட்சிக்கு அவன் இசைந்தமைக்குச் சான்றாகாது என்றார் அவர். ஹியூமின் கூற்றே வலிமையுடையது. நீங்க இயலாதவனின் மௌனத்தைச் சம்மதமாகக் கொள்ளுதல் அறமன்று.

தனிமனிதனன்றி ஒரு நாடே நீங்கும்போது சிக்கல் மேலும் பெருகுகின்றது. 2016 யூன் 23 இல் ஐக்கிய இராச்சியத்தில் நடைபெற்ற வாக்கெடுப்பில் ஏறத்தாழ 52 சதவீதத்தினர், ஐரோப்பிய ஒன்றியத்தினின்றும் நீங்குவதற்காக இதே சொல்லைத் தெரிந்தனர். ஒற்றைச் சந்தையினின்றும் சுங்க ஒன்றியத்தினின்றும் நீங்குதல் அதில் அடங்குமா என்பதை வாக்குச்சீட்டு கூறவில்லை. ஒருவர் ஒரு பொருளிலும் மற்றவர் மற்றொரு பொருளிலும் அச்சொல்லைக் கொண்டனர். ஸ்கொட்லாந்திலும் வடஅயர்லாந்திலும் பெரும்பான்மையோர் நிலைத்திருக்கவே வாக்களித்தனர். எனினும் 2020 ஜனவரி 31 இல் அவர்களும் உடன் நீங்க நேர்ந்தது.

நீங்கும் உரிமை பிறர் அனுமதியில் தங்கியிருத்தல் கூடாது. அவ்வாறாயின் வீடும் நாடும் சிறையாகிவிடும். ஆயினும் உரிமையோடு அறம் முடிந்துவிடுவதில்லை. முதியோர், பிள்ளைகள், முடியாத கடமைகள் என எஞ்சுவனவற்றுக்கு நீங்குவோன் பொறுப்புடையவன். உயிரச்சத்தால் ஓடுவோனிடம் மட்டும் இக்கணக்கைக் கேட்டல் தகாது. அவனைத் துரத்தியோரே அதற்குக் கடன்பட்டோர். ஏனையோர்க்கோ விடை பெறுதலினும் விடை கூறுதலே முதற்கடமையாகும்.