பட்டினத்துக் கலையும் நாம் பட்ட கடனும்

கலையைச் சுவைப்பது அறத்தோடு தொடர்புடைய செயலா, அன்றி வயிறு நிறைந்தோரின் பொழுதுபோக்கா என்ற வினா மிகப் பழையது. பழையதாயினும், கிராமத்தை விட்டு உயர்கல்விக்காகக் கொழும்பு வந்து சேரும் மாணவர் ஒவ்வொருவருக்கும் அது புதிதாகவே எழுகின்றது. மட்டக்களப்பு வாவியின் மேற்கே, படுவான்கரையிலுள்ள நெற்செய்கைக் கிராமம் ஒன்றிலிருந்து வந்த எமக்கும் அது எழுந்தது. நாம் கண்ட விடை முடிந்த முடிபென்று கூறத் துணியோம். ஆயினும் அவ்விடையை நோக்கி நாம் நடந்த வழி எம்மைப் போன்ற பிறருக்கும் பயன்படலாம் என்ற எண்ணத்தினால் இதனை எழுதுகின்றோம்.

விடுதியில் எமது அறையில் இருவேறு கட்சிகள் இருந்தன. ஒரு நண்பன் மலையகத் தோட்டமொன்றிலிருந்து வந்தவன். தாயார் கொழுந்து பறிப்பவர். நாம் முதன்முதலாக ஒரு நாடகத்திற்கு ரிக்கற் வாங்கிவந்த அன்று அவன் கேட்டான்: “எங்கம்மா நாட்சம்பளத்துக்குப் போராடிக்கிட்டு இருக்காங்க. நீங்க காசு கொடுத்து நாடகம் பாக்கப் போறீங்க. இது நியாயமா?” மற்றொரு நண்பனோ, கலைக்கும் கூலிக்கும் என்ன தொடர்பு, அழகு அழகுக்காகவே என்று வாதிட்டான். இவ்விருவருள் முதலாமவனின் வினாவே எம்மைச் சுட்டது. எமது தந்தையார் நெல் விற்ற பணத்திலிருந்து மாதந்தோறும் அனுப்பிய தொகையிற் கொடுத்துத்தான் அந்த ரிக்கற்றையும் நாம் வாங்கியிருந்தோம்.

எனினும் நாம் சென்றோம். நாடகத்திற்கு மட்டுமன்றி நூதனசாலைக்கும், ஓவியங்கள் உள்ள இடங்களுக்கும் சென்றோம். சென்ற இடங்களுள் மூன்றைப் பற்றி மட்டும் இங்கு கூறுவோம்.

முதலாவது, கொழும்பு நூதனசாலை. தேசாதிபதி வில்லியம் கிரகரியின் காலத்தில், 1877ஆம் ஆண்டு அது திறக்கப்பட்டது. அவருடைய சிலை முன்றிலில் நிற்கிறது. கட்டடத்தைக் கட்டி முடித்தவர் வாப்பிச்சி மரிக்கார் என்பதைத் தேடிப் படித்தே அறிந்தோம். அவரின் கீழ் கல்லும் சாந்தும் சுமந்தோரின் பெயரை எங்கும் படிக்க முடியவில்லை.

உள்ளே பொலன்னறுவைச் சிவாலயங்களின் செப்புத் திருமேனிகள் உள்ளன. நடராசரும், சைவ நாயன்மார் சிலரும் அங்கே நிற்கின்றனர். அவற்றுட் பல 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மண்ணுக்குள்ளிருந்து மீட்கப்பட்டவை. ஆனந்த குமாரசுவாமி 1914ஆம் ஆண்டு வெளியிட்ட ஒரு நூலில் இவ்வகைச் செப்புப் படிமங்களை உலகுக்கு எடுத்துக் காட்டினார். இவற்றை வார்க்கும் முறையை நினைக்கும்தோறும் வியப்பே மேலிடுகின்றது. முதலில் மெழுகினால் முழு உருவும் சமைக்கப்படுகின்றது. அதன்மேல் களிமண் பூசிச் சூடேற்ற, மெழுகு உருகி வெளியேறிவிடுகின்றது. மெழுகு இருந்த வெற்றிடத்தில் உருகிய உலோகம் வார்க்கப்படுகின்றது. பின்னர் அச்சை உடைத்தே உருவை வெளியே எடுத்தல் வேண்டும். ஆகவே ஒரு வார்ப்புக்கு ஓர் உருவம்தான். கை தவறினால் மீண்டும் மெழுகிலிருந்தே தொடங்க வேண்டும். இத்தகைய பொறுமை வாய்ந்த கைகள் யாருடையவை? அதற்கும் பெயரில்லை.

அன்று எம்முடன் வந்திருந்த யாழ்ப்பாணத்து நண்பன் ஒருவன் நடராசரின் முன்னால் நெடுநேரம் அசையாது நின்றான். பின்னர் மெதுவாகக் கூறினான்: “எங்கட அப்பு தேர்வடம் பிடிக்கப் போய் அடி வாங்கினவர். சுவாமியை இவ்வளவு கிட்ட நிண்டு ஒரு நாளும் பார்த்திருக்க மாட்டார்.” நாம் வாயடைத்து நின்றோம். எமக்குக் கோயிற் கதவு எக்காலத்திலும் திறந்தே இருந்தது. திறந்த கதவு ஒன்று உண்டென்பதையே நாம் கவனித்ததில்லை. 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் கதவைத் திறக்கச் சொல்லிப் பதினொரு ஆண்டுகள் கழிந்த பின்னரும், 1968இல் மாவிட்டபுரத்தில் மக்கள் கோயில் வாயிலில் நின்று போராட வேண்டியிருந்தது என்பதை நாம் பாடமாகப் படித்திருந்தோம். படித்தது வேறு, அன்று அந்தத் தோழனின் பக்கத்தில் நின்று உணர்ந்தது வேறு.

இவ்விடத்தில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கோயிலிலிருந்து பிரிந்த திருமேனி உயிரற்றுப் போய்விட்டது, பூவும் தீபமும் இல்லாத இடத்தில் அது வெறும் காட்சிப்பொருள் என்று கூறுவோர் உளர். அக்கூற்றில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் எந்தப் பூவும் தீபமும் ஒரு மனிதனை வெளியே நிறுத்தினவோ, அவற்றை இழந்ததினாலேயே அத்திருமேனி அவன் பேரனுக்கு உரியதாயிற்று. பட்டினம் கலையை அதன் வேரிலிருந்து பிடுங்குகின்றது. சில வேளைகளில் அந்த வேரோடு ஒட்டியிருந்த அநீதியிலிருந்தும் பிடுங்குகின்றது. இரண்டையும் சேர்த்தே நிறுத்துப் பார்த்தல் வேண்டும்.

இரண்டாவது இடம், பொரளையிலுள்ள கோதமி விகாரை. அதன் சுவர்களில் ஜோர்ஜ் கீற் 1939இலும் 1940இலும் புத்தரின் வாழ்க்கையைத் தீட்டினார். பின்னர் 1943இல் தோன்றிய ‘43 குழு’ ஓவியருள் ஒருவரான அவர், ஐரோப்பாவின் நவீன ஓவிய நெறியையும் எமது நாட்டுச் சுவரோவிய மரபையும் ஒருங்கே கற்றவர். அவருடைய சித்திரங்கள் செல்வர் வீட்டுச் சுவர்களிலே பெருவிலை பெறுவன. இங்கோ கட்டணம் எதுவும் இல்லை. நாம் சென்ற மாலைப்பொழுதில், நாள் முழுவதும் வேலை செய்து களைத்த முகத்தோடு ஒரு மூதாட்டி தட்டிலே பூக்களுடன் வந்தார். சுவரின் கோடுகளைப் பற்றி அவர் எதுவும் பேசவில்லை. பூவை வைத்தார், தலையை உயர்த்திச் சித்திரங்களைப் பார்த்தார், போய்விட்டார். அவர் கண்டதும் நாம் கண்டதும் ஒன்றல்ல என்று முதலில் எண்ணினோம். பின்னர் அந்த எண்ணம் எமக்கே வெட்கமாயிற்று. விமர்சன நூல்கள் நாலைந்து படித்தமையினால் எமது கண்ணே கண், அவருடையது வெறும் பக்தி என்று தீர்ப்பளிக்க எமக்கு யார் உரிமை தந்தார்? இரசனை என்பது இவ்வளவு எளிதிற் செருக்காக மாறிவிடுகின்றது.

மூன்றாவது, லயனல் வென்ற் அரங்கு. எதிரிவீர சரச்சந்திரவின் ‘மனமே’ நாடகம் 1956ஆம் ஆண்டு நவம்பர் 3ஆம் திகதி முதன்முதலாக மேடையேறிய இடம் அது. அந்நாடகம் மீண்டும் நடிக்கப்பட்ட ஓரிரவில் நாம் பின்வரிசையில் அமர்ந்திருந்தோம். சிங்களத்தில் எமக்கு இருந்த அறிவு கடைத்தெருவுக்குப் போதுமானதேயன்றிக் கவிதைக்குப் போதாது. ஆனால் திரை விலகியதும் நிகழ்ந்தது வேறொன்று. கதைசொல்லி வந்து பாத்திரங்களை அறிமுகஞ் செய்தான். மத்தளம் ஒலித்தது. பாத்திரங்கள் பாடியும் ஆடியும் சபைக்கு வந்தன. எமது உடல் நிமிர்ந்தது. இது எமது ஊர்க் கூத்தல்லவா! இவன் எமது கட்டியகாரன் அல்லவா! இது வரவுப் பாட்டல்லவா!

எமது உணர்வு பொய்யன்று என்பதைப் பின்னர் படித்தறிந்தோம். சரச்சந்திர தமது நாடகத்திற்கு ஆதாரமாகக் கொண்ட ‘நாடகம’ என்னும் கிராமிய வடிவம் தமிழ்க் கூத்தோடு உறவுடையது. அம்பலாங்கொடையைச் சேர்ந்த சார்ள்ஸ் சில்வா குணசிங்க என்ற மூத்த ஆசானிடமிருந்தே அவர் அதன் இசைமரபைப் பெற்றார். ஒரு மொழியை மட்டும் அரசமொழியாக்கிய சட்டம் நிறைவேறியதும் அதே 1956ஆம் ஆண்டிலேதான். சட்டம் பிரித்துக்கொண்டிருந்த வேளையில், மேடையிலே உறவு ஆடிக்கொண்டிருந்தது. இதனாலே கலை இனப்பகையை ஒழித்துவிடும் என்று நாம் பசப்பப் போவதில்லை. அது ஒழிக்கவில்லை என்பதற்குப் பின்வந்த ஆண்டுகளே சாட்சி. ஆயினும் பகை இயற்கையானதன்று, பின்னர் உண்டாக்கப்பட்டது என்பதற்கு அந்த மத்தளம் ஒரு சான்று.

அந்நாடகத்தின் கதையிலும் எமக்கொரு பாடம் இருந்தது. பழைய சாதகக் கதை இளவரசியைக் குற்றவாளியாக்கியது. சரச்சந்திரவோ அவளுடைய குற்றத்தைத் துணிந்து கூற முடியாதபடி செய்து, வினாவைச் சபையோரின் கையிற் கொடுத்துவிட்டார். கலை ஒருவனை நல்லவனாக்குகின்றதோ இல்லையோ, பிறர்மீது தீர்ப்புக் கூறுமுன் அவனைச் சிறிது தயங்க வைக்கின்றது. அத்தயக்கம் அறத்தின் தொடக்கமாகலாம்.

ஆனால் அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை. காரணம் எமது மாமா. அவர் ஊரிலே அண்ணாவியார். கூத்துப் பழக்குபவர். நாம் கொழும்பு வருவதற்கு முன், கறையான் அரித்துக்கொண்டிருந்த தமது பழைய கூத்துக் கொப்பியைப் புதிதாக எழுதித் தருமாறு எம்மைக் கேட்டார். சோதனை இருக்கிறது என்று கூறித் தட்டிக் கழித்தோம். சோதனை ஒரு சாட்டு. உண்மையில், விடியவிடியச் சதங்கை கட்டி ஆடும் அந்தப் பழங்கூத்து எமக்கு நாகரிகக் குறைவாகத் தோன்றியது. அதே சாயலை, குளிரூட்டிய மண்டபத்தில், ரிக்கற் வாங்கிய பின்னர் கண்டபோதுதான் எமக்கு அது கலையாகத் தெரிந்தது! பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் மட்டக்களப்புக் கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொணர்ந்து ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ முதலியவற்றை அளித்தபோது, படித்தவர் பலருக்கும் இதே கண்திறப்பு நேர்ந்திருக்க வேண்டும். கண்திறந்தது நன்று. ஆனால் கண் மூடியிருந்தது யாருடைய குற்றம்?

இக்கதையை விடுதிக்கு வந்து மலையக நண்பனிடம் கூறினோம். அவன் வாதாடவில்லை. சற்று நேரம் இருந்துவிட்டு, “எங்கப்பா மாசி மாசம் காமன் கூத்துல வேஷம் கட்டுவாரு. அத நான் கலைன்னு நெனச்சதே இல்ல” என்றான். அவனுடைய வினாவுக்கான விடையை அவனே எமக்குத் தந்தான் என்றே கருதுகிறோம். கலை வயிறு நிறைந்தோரின் பொழுதுபோக்காயின், லயத்து அறையில் வாழும் அந்தத் தந்தை, பகல் முழுவதும் மலையேறி இறங்கிய கால்களோடு இரவிலே ஏன் ஆடினார்? பசித்தவர் படைத்ததைப் பசியாதவர் தமதாக்கிக்கொண்டு, பின்னர் அது பசியாதவருக்கே உரியதென்று கூறுவது எவ்வளவு பெரிய பொய்!

ஆகவே கூலிப் போராட்டத்தையும் கலையையும் எதிரெதிராக நிறுத்துவது தவறு. 1886இல் சிக்காகோத் தொழிலாளர் எட்டுமணி நேர வேலைநாளைக் கோரியபோது அவர்கள் கோரியது ஓய்வை மட்டுமன்று, மனிதராய் வாழ்வதற்கான பொழுதையுமே. நாம் அரங்கிலிருந்து வெளியே வந்த இரவில், வாயிலருகே இரவுக் காவலாளி ஒருவர் கதிரையில் அமர்ந்திருந்தார். உள்ளே ஒலித்த பாட்டு அவருக்குக் கேட்டிருக்கும், ஆட்டம் தெரிந்திராது. நாம் உள்ளே இருந்தது குற்றமன்று. அவர் உள்ளே வர இயலாதிருந்ததே குற்றம். அக்குற்றத்தை மறந்து நாம் கைதட்டிக்கொண்டிருந்தால், அப்போது எமது இரசனையும் அதற்கு உடந்தையாகும்.

கிராமத்துக் கலை மாசற்றது என்றும் நாம் பாடப் போவதில்லை. எமது களரியிலே பெண் வேடத்தையும் ஆணே தரித்தான். பெண்கள் பார்வையாளராகவே நின்றனர். சாதியும் குடியும் களரிவரை வந்தன. பறை முழக்கியவர் சமமாக அழைக்கப்படவில்லை. ஆயினும் அதே கூத்து வடிவத்திலேதான், மாவிட்டபுரப் போராட்டத்தின் பின்னர், என். கே. ரகுநாதனின் ‘கந்தன் கருணை’ கோயிற் கதவைத் தட்டியது. மரபு சிறையுமாகலாம், ஆயுதமுமாகலாம். அதனை ஏந்தும் கையைப் பொறுத்தது அது.

சித்திரை விடுமுறைக்கு ஊர் சென்றபோது மாமாவின் திண்ணையில் புதிய கொப்பியோடு அமர்ந்தோம். அவருக்கு இப்பொழுது கண் மங்கல். கறையான் தின்ற இடங்களை நினைவிலிருந்து பாடிச் சொன்னார், நாம் எழுதினோம். சில இடங்கள் அவருக்கும் நினைவு வரவில்லை. அவ்விடங்களை வெறுமையாக விட்டோம். முன்னரே எழுதியிருந்தால் அவை வெறுமையாகியிரா. இடையிலே அவர் கேட்டார்: “படிச்ச பிள்ளை, நீ சொல்லு மனே. நாங்க ஆடினதெல்லாம் கலைதானா?”

பட்டினம் எமக்குக் கற்பித்த அத்தனையும் அந்த வினாவின் முன் சிறுத்துப்போயிற்று. அறுபது ஆண்டுகளாக மத்தளம் அடித்த ஒருவர், மூன்று ஆண்டு படித்த ஒருவனிடம் இதைக் கேட்க நேர்ந்தமைக்கு எம்மைப் போன்றோரின் பாராமுகமே பொறுப்பு. கலையைச் சுவைத்தவன் கடன்பட்டவன். பெயரில்லாது வார்த்த கைக்கும், வாயிலில் நின்றவர்க்கும், தன் ஆட்டத்தைத் தானே ஐயுற்ற அண்ணாவியாருக்கும் அவன் கடன்பட்டவன். அக்கடனைப் புகழுரையினாலே தீர்க்க முடியாது. கதவைத் திறப்பதனாலும், அவர்களுக்கு அருகே சென்று அமர்வதனாலும், அவர்களுடைய பொழுதுக்காகவும் கூலிக்காகவும் அவர்களோடு நின்று போராடுவதனாலுமே சிறிதுசிறிதாகத் தீர்க்கலாம்.

மாமாவிற்கு நாம் “ஓம்” என்றோம். பின்னர் கொப்பியின் அடுத்த பக்கத்தைத் திருப்பினோம்.